ரிப்பேரில் இருந்த அறை

புதுக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் லாட்ஜில், கீழ்த்தளத்தில் தங்குகிற அறை ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. கட்டும்போது லிஃப்டுக்கென்று விட்ட பள்ளத்தில் பழைய மெத்தைகள் சாய்ந்து நிற்கின்றன. படிகளும் அந்தக் காலத்துச் செங்குத்துப் படிகள். நல்ல கால் உள்ளவர்களே மேலே போய் நின்று மூச்சு வாங்குவார்கள். அந்த ஒரு கீழ் அறையால் இந்த வருஷம் எனக்கு நிம்மதி கெட்டது.

நான் பி.சி.ஏ. முடித்தவள். ஊர் அன்னவாசல் பக்கம். கூடப் படித்தவர்கள் சென்னை, கோவை என்று கிளம்பியபோது என்னை மட்டும் வீட்டில் விடவில்லை. பொழுது சாய வீடு திரும்புகிற மாதிரி வேலை இருந்தால் பார் என்றார்கள். லாட்ஜில் ரிசப்ஷன் என்று சொன்னதும் அப்பா சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் வேலைப்பா என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன். அதில் பொய் இல்லை. அப்போதுதான் முதலாளி புது சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார்; அதை ஓட்டத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது.

முதலாளி இருப்பது சென்னையில். திருமயம் பக்கத்துக் கிராமத்தில் அவர்களுக்குப் பெரிய வீடு உண்டு; பூட்டித்தான் கிடக்கிறது. லாட்ஜை நடத்திவந்தவர் அவருடைய அப்பா. பெரியவர் காலமான பிறகு மகனுக்கு இங்கே வந்து உட்கார நேரமில்லை. ஆனால் ஒன்றையும் கைவிடுகிற ஆளும் இல்லை. எந்த அறையில் ஆள், எந்த அறை காலி, எது சுத்தம் செய்யக் கிடக்கிறது என்று சென்னையிலிருந்தே போனில் பார்க்கத்தான் அந்த சாஃப்ட்வேர். வெளியே இருக்கும் புக்கிங் வெப்சைட்டுகளை எல்லாம் அது ஒரே கயிற்றில் கட்டிவைத்திருந்தது. ஓர் இடத்தில் அறை விற்றால் அடுத்த நொடி மற்ற எல்லா இடத்திலும் அது மறைந்துவிடும். முதன்முதலில் அது நடப்பதைப் பார்த்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. சொல்லிக்கொடுக்க வந்த பையன் பாதி சொல்வதற்குள் மீதியை நானே கண்டுபிடித்துவிட்டேன். வீட்டில் ராத்திரி அதைப் பற்றியே பேசி தங்கையிடம் திட்டு வாங்கினேன்.

மேனேஜர் அண்ணன் பெரியவர் காலத்து ஆள். அவருடைய சாஃப்ட்வேர் சுவரில் ஆணி அடித்த பலகை. சாவி நேராகத் தொங்கினால் அறை காலி. ஆணி மட்டும் இருந்தால் ஆள் இருக்கிறது. சாவியைத் திருப்பி, பித்தளை வில்லையின் எண் சுவர்ப்பக்கம் போகிற மாதிரி மாட்டியிருந்தால் அதற்கு அர்த்தம், 'சொல்லியிருக்கு'. யாரோ போனில் "அண்ணே, வாரேன்" என்று சொல்லியிருக்கிறார்கள். முன்பணம் இல்லை, எழுத்து இல்லை. சொன்னால் சொன்னதுதான். அப்படித் திருப்பிய சாவியை, வாசலில் கல்யாணப் பார்ட்டி நின்று கெஞ்சினாலும் அவர் எடுக்க மாட்டார்.

சாஃப்ட்வேரில் 'சொல்லியிருக்கு' கிடையாது. முன்பணம் வராத புக்கிங் மதியத்தோடு தானாக உதிர்ந்துவிடும். உதிர்ந்த நொடியே அந்த அறை உலகத்துக்கெல்லாம் காலி என்று தெரியும். இதுதான் சரி என்றுதான் எனக்குப் பட்டது. வருகிறவன் முன்பணம் கட்டட்டுமே.

அந்தக் கீழ் அறைச் சாவி மட்டும் வாரத்தில் இரண்டு நாள் கட்டாயம் திரும்பியிருக்கும். அது மணமேல்குடியிலிருந்து வரும் ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு. புருஷன் விசைப்படகில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர். கிட்னி இரண்டும் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இருமுறை டயாலிசிஸ். மதியம் மெஷினில் படுத்தால் எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகிவிடும். எழுந்ததும் மனிதர் துணி பிழிந்த மாதிரி இருப்பார். கெண்டைக்கால் இழுக்கும், கண் இருட்டும். ஆரம்பத்தில் அப்படியே பஸ் ஏறியிருக்கிறார்கள். ஒருநாள் அறந்தாங்கி தாண்டுவதற்குள் சீட்டிலிருந்து சரிந்துவிட்டார். பஸ்ஸை நிறுத்தி, ரோட்டோரம் படுக்கவைத்து, எப்படியோ பிழைத்திருக்கிறார். அதைக் கேள்விப்பட்ட பெரியவர்தான் ராத்திரி தங்கிவிட்டுக் காலை பஸ்ஸுக்குப் போங்கள் என்று கீழ் அறையைக் கொடுத்தது. வாடகை, கூட வரும் பெண்டாட்டி, அந்த அக்கா, எவ்வளவு கொடுக்கிறாரோ அவ்வளவுதான். பெரியவர் போன பிறகும் மேனேஜர் அண்ணன் அதை மாற்றவில்லை. மகனிடம் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை.

அந்த அக்காவை முதலில் பார்த்த நாள் நினைவிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருடைய வீட்டுக்காரருக்கு நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் கை பாதி நீண்டது. அக்கா இடையில் வாங்கிக்கொண்டார்.

"அவருக்கு அளவுத் தண்ணிதான் ஆத்தா. நீ குடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டாரு, பச்சப்புள்ள மாதிரி."

"கடல்ல கெடந்தவனுக்குத் தண்ணிய அளந்து ஊத்துறா பாத்தீங்களா" என்றார் அவர். குரலில் வருத்தமே இல்லை. நெடுநாள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கேலி.

சிக்கல் சீக்கிரமே வந்தது. சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்த புதிதில், ஒரு டயாலிசிஸ் நாளன்று கீழ் அறை உதிர்ந்து, சித்தன்னவாசல் பார்க்க வந்த ஒரு ஜோடிக்கு விற்றுப்போனது. சாயங்காலம் இவர்கள் வந்து நின்றார்கள். மேனேஜர் அண்ணன் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அந்த ஜோடியிடம் கெஞ்சி மாடிக்கு மாற்றினோம். அவர்கள் மாறினார்கள், ஆனால் வெப்சைட்டில் இரண்டே நட்சத்திரம் போட்டு, பதிவு செய்த அறையைத் தரவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். மறுநாள் சென்னையிலிருந்து போன். முதலாளி கத்துகிறவர் இல்லை. இனி இப்படி நடக்கக் கூடாதும்மா என்றார், அவ்வளவுதான்.

மேனேஜர் அண்ணன் என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒன் பொட்டிக்கிட்ட கேளு. அந்த ஒரு ரூமை மட்டும் யாருக்கும் காட்டாம மறைச்சு வைக்குமா?"

மறைக்க வழி இருந்தது. அறையில் ஏதாவது வேலை நடந்தால் விற்பனையிலிருந்து எடுத்துவைக்க 'ரிப்பேர்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் எந்த வெப்சைட்டிலும் அறை தெரியாது. அழுத்திக் காட்டினேன். கீழ் அறை திரையில் சாம்பல் நிறமானது. அண்ணன் முகத்தில் பலகையில் சாவி திருப்பிய திருப்தி.

ஆனால் அது காரணம் கேட்டது. கட்டம் காலியாக இருந்தால் ஏற்றுக்கொள்ளாது. 'பாத்ரூமில் தண்ணீர்க் கசிவு' என்று போட்டேன். அடுத்த முறை அண்ணனே காரணம் சொன்னார். அதற்கடுத்த முறை நான் கேட்பதற்கு முன்பே தயாராக இருந்தார். ஃபேன் சத்தம். சுவரில் ஈரம். கரையான். கதவுத் தாழ்ப்பாள். ஒருமுறை 'மரநாய் நடமாட்டம்' என்றார். அதெல்லாம் வேண்டாம் என்று ஃபேனையே மறுபடி போட்டேன். ஆஸ்பத்திரி நாள் நெருங்கினால், இந்தத் தடவை ரூமுக்கு என்ன சீக்கு என்று அவர் கேட்பதும் நான் சிரிப்பதும் வழக்கமாகிவிட்டது. அறைக்கு ஒரு சீக்கும் இல்லை. உள்ளே படுத்திருந்தவருக்குத்தான் இருந்தது. சாயங்காலம் வந்து படுப்பார், அக்கா கால் பிடித்துவிடுவார், காலையில் வெளுத்த முகத்தோடு, ஆனால் சொந்தக் காலில் நடந்து, பஸ்ஸுக்குப் போவார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. சாஃப்ட்வேரில் இல்லாத ஒன்றை அதற்குள்ளேயே செய்துவிட்டேனே.

சென்னையில் இருந்தவர் அதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தார். கசிவு, ஈரம், கரையான். நல்ல முதலாளி வேறென்ன செய்வார்?

ஆவணியில் ஒரு பெரிய முகூர்த்த நாள். மாடி முழுக்கக் கல்யாணக் கூட்டம். சிறுசுகள் படியில் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தன. அன்றைக்கு டயாலிசிஸ் நாளும்கூட. கீழ் அறை சாம்பல் நிறத்தில் பத்திரமாக இருந்தது. காலையில் ஒரு மினிலாரி வந்து நின்றது. கொத்தனார், இரண்டு சித்தாள், சிமெண்ட் மூட்டை, டைல்ஸ் பெட்டி. திருமயத்திலிருந்து வருகிறோம், முதலாளி அனுப்பினார், கீழ் ரூமைக் காட்டுங்க என்றார் கொத்தனார்.

அண்ணன் முதலில் சிரித்துச் சமாளித்தார். இன்னைக்கு முகூர்த்தம், இன்னொரு நாள் வாங்களேன் என்றார். கொத்தனார் போனைப் போட்டு முதலாளியிடமே கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. பதமாகத்தான் பேசினார்.

"அண்ணே, அந்த ரூம் எப்படியும் ரிப்பேர்லதான கெடக்கு? விக்கிற ரூம்னா நாள் பாக்கலாம். விக்காத ரூம்ல இன்னைக்கு வேலை செஞ்சா நமக்கு என்ன நஷ்டம்? பாவம், நீங்களும் மாசக்கணக்கா ஒட்டுப்போட்டே ஓட்டுறீங்க. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

அண்ணன் போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். பெரியவர் காலத்திலிருந்து, இவர் சொன்னால் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை என்று பேர் எடுத்தவர். ரூம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னால், அப்புறம் இத்தனை நாள் எழுதியது என்ன என்ற கேள்வி வரும். "சரிங்க தம்பி" என்றார்.

கொத்தனார் பாத்ரூமுக்குள் போய் சுவரைத் தட்டிப் பார்த்தார். தரையில் கை வைத்துப் பார்த்தார். வெளியே வந்தார்.

"எங்கண்ணே கசியுது? எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு."

"நல்லாப் பாருங்க. கசியும்" என்றார் அண்ணன், தலையைத் திருப்பிக்கொண்டு.

முதல் சம்மட்டி விழுந்தபோது மாடியிலிருந்து கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, நல்ல நாளில் இடிக்கிறீர்களே என்று சண்டைக்கு வந்தார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். மதியத்துக்குள் பாத்ரூம் சுவர் பாதி இல்லை. கட்டிலைத் தூக்கி வராந்தாவில் சாய்த்திருந்தார்கள். வேறு அறைக்குத் திரையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தெரிந்த லாட்ஜுகளுக்கெல்லாம் போன் போட்டேன். அந்த நாளில் புதுக்கோட்டையில் யாரிடம் இருக்கும்? அக்காவுக்குச் சொல்லிவிடலாம் என்று அழைத்தால், டயாலிசிஸ் வார்டு வாசலில் இருந்த அவர் போனை எடுக்கவில்லை.

சாயங்காலம் வந்தார்கள். அவர் அக்காவின் தோளைப் பிடித்தபடி பழக்கத்தில் நேராகக் கீழ் அறைப் பக்கம் திரும்பினார். வாசலில் மண்ணும் செங்கல் பொடியும். உள்ளே சித்தாள் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய் விவரம் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேலை பாக்கணும்னா பாக்கத்தான ஆத்தா வேணும்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மொட்டை மாடின்னாலும் பரவாயில்ல. ஆனா ஏற மாட்டாரே."

அண்ணன் கல்யாண வீட்டுக்காரர்களிடம் போய்ப் பேசி, முதல் மாடியில் ஒரு அறையில் ஒரு மூலை கேட்டு வாங்கிவந்தார். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றார். இரண்டு பேர் தூக்கினார்கள். நாலாவது படியிலேயே அவர் கையை உதறினார். அத்தனை பேர் பட்டுப்புடவையும் வேட்டியுமாகப் படியில் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எறக்குங்கய்யா. கல்யாணத்துக்கு வந்தவுக முன்னாடி என்னையப் பொணம் மாதிரி தூக்காதீங்க."

இறக்கினார்கள். ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். ஆட்டோவில் ஏறும்போது அண்ணன் அவருடைய செருப்பைக் குனிந்து எடுத்து உள்ளே வைத்தார். அதை நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

அடுத்த டயாலிசிஸ் நாள் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. கீழ் அறை வேலை முடிந்து பளபளவென்று ஆனது. போட்டோ எடுத்துப் போட்ட அன்றே விற்க ஆரம்பித்தது. தங்கியவர்கள் புகழ்ந்து எழுதினார்கள். முதலாளி எனக்குத் தனியாக நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார். கூடவே, இனி எந்த அறைக்கு ரிப்பேர் போட்டாலும் போட்டோ சேர்க்க வேண்டும் என்று சாஃப்ட்வேரில் மாற்றிவிட்டார். என்னால் அந்த நன்றியைப் படிக்க முடியவில்லை.

ஒருநாள் அக்காவுக்குப் போன் பண்ணினேன். மெஷினில் படுக்கிறாரா என்று கேட்டேன். படுக்கிறார் என்றார். ராத்திரி எங்கே தங்குகிறீர்கள் என்றால், தங்குவதில்லை, பஸ்ஸுக்கு வந்துவிடுகிறோம் என்றார். எந்த பஸ்ஸுக்கு? அறந்தாங்கியில் மாறாமல் மணமேல்குடிக்கு நேரே போகிற பஸ்ஸுக்கு. அதில் பின்னாடி நீளச் சீட்டில் கண்டக்டர் படுக்க விடுகிறாராம். எனக்கு மண்டையில் உறைத்தது. அந்த நேர் பஸ் கிளம்புகிற நேரத்துக்கு அவர் இன்னும் மெஷினில்தானே இருக்க வேண்டும்?

பின்னால் கோழி கொக்கரிக்கும் சத்தம் கேட்டது.

"முழுசா படுக்கிறதில்ல ஆத்தா. முன்னாடியே கழட்டச் சொல்லிடுறாரு. நர்சம்மா வையத்தான் வையிறாங்க. எங்க கேக்குறாரு? எழுதிக் குடுத்துட்டுல்ல எந்திரிச்சு வாராரு. இப்ப காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. படுத்தா மூச்சு வாங்குதுன்னு உக்காந்துக்கிட்டே தூங்குறாரு."

நான் டயாலிசிஸ் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எனக்கு எதையும் தேடிப் படிக்கத் தெரியும், அதுதான் என் குணம். நேரத்தைக் குறைத்தால் உடம்பில் நீர் தங்கும், அது நுரையீரலுக்கு ஏறும், இருதயத்தை அழுத்தும். பக்கத்தில் புது அறைக்கு வந்த குடும்பம் ஷவரில் சுடுதண்ணீர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றது.

அண்ணனிடம் சொன்னேன். அவர் காதில் வாங்காதது போல ரசீதுகளை அடுக்கினார். அப்புறம் சொன்னார், நான் போய்த் தம்பிகிட்ட என்னன்னு பேசுறது, நீயே பேசு என்று. அவர் அப்படி ஒரு விஷயத்தை என்னிடம் விட்டது அதுதான் முதல் தடவை. அது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

முதலாளிக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். பெரியவர் கொடுத்த அறை, திருப்பி மாட்டிய சாவி, இல்லாத கசிவு, ஏறாத படி, பாதியில் கழற்றுகிற மெஷின். லைன் போய்விட்டதோ என்று ஹலோ சொன்னேன்.

"இருக்கேம்மா" என்றார். "அப்பா குடுத்ததா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

சொல்லியிருக்க மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் உடனே வழி செய்தார். அவரும் என்னைப் போலத்தான், ஒரு பிரச்சினை என்றால் சாஃப்ட்வேரில் எங்கே சரிசெய்யலாம் என்றுதான் கை போகும். அவர்கள் வருகிற நாளில் நான் 'சலுகை' என்று கேட்டு அனுப்ப வேண்டும். சென்னையில் அவர் போனில் ஒப்புக்கொண்டால் பச்சை டிக் விழும். விழுந்ததும் அறை அவர்களுக்கு. டிக் விழும் வரைக்கும் அறை எல்லோருக்கும் காலி. முன்கூட்டியே நாளைக் குறித்து மொத்தமாக ஒதுக்கிவிடலாமே சார் என்றேன். மெஷின் நாள் மாறுகிறது, சில வாரமாக அவர்கள் வரவுமில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், சும்மா பூட்டிவைக்க முடியாதேம்மா என்றார். நியாயம்தான். எல்லோரும் நியாயமாகத்தான் பேசினார்கள்.

அக்காவை மறுபடி வரவைக்கப் பட்ட பாடு வேறு. அவர் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார் ஆத்தா என்றார். நான் விடவில்லை. கடைசியில் போனை அவருடைய வீட்டுக்காரரிடமே கொடுக்கச் சொன்னேன்.

"ரூம் இருக்கும்னு சொல்றே. வந்து நிக்கிறப்ப இடிச்சுப் போட்டிருக்க மாட்டீங்கள்ல?" என்றார்.

"இருக்கும்ண்ணே. நீங்க முழுசா படுத்துட்டு வாங்க."

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வாரேன் என்றார்.

வந்தார். முதல் சில தடவை நான் கேட்டதும் டிக் விழுந்தது. புது பாத்ரூமுக்கு முன்னால் தரையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டிருந்தார்கள். அந்த ஒரு படிக்கு அக்கா அவரைப் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. அதை மட்டும்தான் குறையாகச் சொன்னார். கால் வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது. படுத்தே தூங்கினார் என்று ஒரு காலையில் அக்கா சொன்னபோது எனக்கு என்னவோ செய்தது.

போன வாரம் மறுபடியும் ஒரு முகூர்த்த நாள். மதியமே கேட்டு அனுப்பிவிட்டேன். டிக் இல்லை. போன் செய்தேன், அணைத்து வைத்திருந்தது. சென்னையிலிருந்து எங்கோ விமானத்தில் போகிறார் என்று அவருடைய ஆபீசில் சொன்னார்கள். மாடியில் ஒவ்வொரு அறையாக நிறைந்துகொண்டே வந்தது. திரையில் கீழ் அறை மட்டும் பச்சையாக, காலி என்று மின்னிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது. முழுசா படுத்தேன் என்று என்னிடம் கையைத் தூக்கிக் காட்டினார், கட்டுப்போட்ட கையை. நேர் பஸ் போய்விட்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார முடியாமல் அக்காவின் மடியில் தலை சாய்ந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். டிக் இல்லை. பலகையிலிருந்து கீழ் அறைச் சாவியை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன்.

"தம்பி சரின்னு சொல்லிட்டாகளா?" என்றார் அண்ணன்.

"இன்னும் இல்லண்ணே."

அண்ணன் எழுந்துபோய் அக்காவின் வீட்டுக்காரரை ஒரு பக்கம் தாங்கிக்கொண்டார். மூன்று பேருமாக உள்ளே போனார்கள். வாடகை போடாமல், டிக் இல்லாமல் அந்த அறையில் ஆள் இருப்பதாகத் திரையில் காட்ட என்னால் முடியாது. சும்மா ஒரு பேரில் முழு வாடகைக்குப் போடலாமா என்று யோசித்தேன். இல்லாததை எழுத இனி என் கை வராது என்று தெரிந்தது. அப்படி நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரில் புக்கிங் மணி அடித்தது. கீழ் அறை விற்றுவிட்டது. திருச்சியிலிருந்து ஒரு குடும்பம், முழுப் பணமும் கட்டியாயிற்று, வந்துகொண்டிருக்கிறார்கள்.

அவர்களுக்கு உடனே போன் போட்டேன். எடுக்கவில்லை, வண்டி ஓட்டுகிறார்கள் போல. மூன்று லாட்ஜைக் கேட்டு, பெருமாள் கோயில் பக்கம் ஒன்றில், ஏசி இல்லாத ஒரு அறையைப் பிடித்துவைத்தேன். என் பஸ் போய்விட்டது. அப்பா போன் செய்தார். வேலை இருக்கிறது, நேரமாகும் என்றேன். யாராவது கூட இருக்கிறார்களா என்றார். மேனேஜர் அண்ணன் இருக்கிறார் என்றேன்.

கார் வந்து நின்றது. ஒருவர் தோளில் தூங்குகிற பிள்ளையோடு உள்ளே வந்தார். பின்னால் அவருடைய மனைவி, பைகளோடு. அவர்களும் அலைந்து களைத்துத்தான் வந்திருந்தார்கள்.

"கீழ் ரூம் இல்லங்க சார்" என்றேன். "மன்னிச்சுக்கங்க. பக்கத்துல வேற எடம் சொல்லி வச்சிருக்கேன். பணம் முழுசா திரும்பி வந்துரும்."

அவர் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இங்க காலின்னு காட்டுச்சுல்ல? பணம் எடுத்துக்கிட்டீங்கல்ல? பிள்ளைய வச்சுக்கிட்டு எங்கள அலையவிடுறீங்களா?"

"காலின்னுதான் காட்டும் சார். உள்ள ஆள் படுத்திருக்காரு. எழுப்ப முடியாது."

யார் அப்படிப்பட்ட ஆள் என்றார். முதலாளியைக் கூப்பிடு என்றார். உங்களையெல்லாம் வெப்சைட்டில் கிழித்துத் தொங்கவிடுகிறேன் என்றார். எழுதுங்க சார் என்றுதான் சொல்ல முடிந்தது. அந்த அம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. அண்ணன் கீழ் அறைக் கதவுக்குமுன் போய் நின்றுகொண்டார், அங்கே தனக்கு ஏதோ வேலை இருப்பது போல.

மேசையில் என் போன் அதிர்ந்தது. முதலாளியின் எண். விமானம் இறங்கிவிட்டது போலும். திருச்சிக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் சார் என்று அவரிடம் கை காட்டிவிட்டு எடுத்தேன்.